காலேஜ் டீமும் கலர் டிரெஸ்ஸும்

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு போகும் லோக்கல் ட்ரெயினில் அடிக்கடி போறவங்களுக்கு ஒரு காட்சி பழக்கமா இருக்கும். முதல்ல ஒரு கிட் பேக் ஏறும். அதுக்குப் பின்னாடி ஒரு பையன் ஏறுவான். வழியில் நிற்கிற பெரியவர் யாராவது "ஏம்ப்பா, உள்ள ஆளையா வெச்சிருக்க?" என்பார். பையன் அசட்டுத்தனமா சிரிப்பான். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி... எங்கேயோ இறங்கிப் போயிடுவான்.

இந்தப் பசங்க எல்லாம் கடைசியில் எங்கே போறாங்க? நானும் அந்த மாதிரி ஒரு கிட் பேக்கோட மூணு வருஷமா சுத்தறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் முக்கியம். (நான் கீப்பர். பேட்டிங் ஏழாவது இடம். அதாவது டாஸ் ஜெயிச்சா தூங்கலாம்.) ஆனா இந்தக் கட்டுரை என்னைப் பத்தி இல்லை. எங்க டீம் ஆஃப் ஸ்பின்னர் ஒருத்தன் இருக்கான். பேரு வேண்டாம், டீமில் எல்லாரும் "மாமா"ன்னுதான் கூப்பிடுவோம், காரணம் பெருசா ஒண்ணும் இல்லை. அவன் போன மாசம் என்கிட்ட, "மச்சி, ஒரு வருஷம் வேலைக்குப் போகாம லீக் ஆடிப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. தெரியாத விஷயத்தைப் படிச்சுப் பார்க்கிறது என் வழக்கம். படிச்சதில் கிடைச்சதுதான் இது.

முதல்ல ஒரு சின்ன சுற்று, அமெரிக்கா வரைக்கும். அங்கே ஐஸ் ஹாக்கி ஆடுற காலேஜ் பையனுக்கு ஒரு வசதி இருக்கு. பதினெட்டு வயசுலயே என்.ஹெச்.எல். கிளப் ஒண்ணு டிராஃப்டில் அவன் பேரை எடுத்து வெச்சுக்கலாம். அவன் பாட்டுக்கு காலேஜ் போய்ப் படிச்சுக்கிட்டே ஆடுவான். கிளப் சில வருஷம் காத்திருக்கும். யாரும் எடுக்காத பையனும் நாலு வருஷம் நல்லா ஆடினா கடைசியில் ஒரு கிளப்பில் கையெழுத்துப் போடலாம். அங்கே காலேஜ் அணி என்பதே ஏணியில் ஒரு படி. 1980ல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனைத் தோற்கடிச்ச அமெரிக்க அணியே பெரும்பாலும் காலேஜ் பசங்கதான். அதில் பல பேர் அப்புறம் என்.ஹெச்.எல்.லில் ஆடினாங்க. (அதே 1980ல் மாஸ்கோவில் நம்ம ஹாக்கி அணி தங்கம் வாங்கினப்போ கேப்டன் வி. பாஸ்கரன், நம்ம லயோலா காலேஜ்காரர். எந்த ஹாக்கியா இருந்தாலும் காலேஜுக்கு ஒரு காலம் இருந்திருக்கு.)

நம்ம ஊர் கிரிக்கெட்டிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழகங்களுக்கான ரோஹிண்டன் பாரியா கோப்பை 1935ல் ஆரம்பிச்சது. கவாஸ்கர் பம்பாய் பல்கலைக்கழகத்துக்காக அதில் ரன் குவிச்சவர்தான். இன்னைக்கு அந்த மேட்சைப் பார்க்க எந்த செலக்டர் வர்றார்? எங்க மண்டலப் போட்டிக்கு வந்த கூட்டம் மொத்தம் பதினாலு பேர். அதில் ரெண்டு பேர் கேண்டீன்காரங்க.

இங்கே ஏணி வேற இடத்தில் இருக்கு. அது டி.என்.சி.ஏ. லீக். மேலே முதல் டிவிஷன், கீழே ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு போகும். சென்னையில் ஒருத்தன் எப்படி ஆடுவான்னு கேட்டா யாரும் சராசரி சொல்ல மாட்டாங்க, "தேர்ட் டிவிஷன் ஆடுறான்"னு சொல்வாங்க. அவ்வளவுதான், புரிஞ்சுடும். முதல் டிவிஷனில் ஜெயிக்கிற அணிக்குப் பாளையம்பட்டி ராஜா ஷீல்டு. ஜாலி ரோவர்ஸ், விஜய் சி.சி., குளோப் ட்ராட்டர்ஸ், ஆழ்வார்பேட்டை சி.சி. மாதிரி அணிகள். பின்னாடி கம்பெனிகள் இருக்கும், வெளி மாநில ரஞ்சி வீரர்களும் வந்து ஆடுவாங்க. ராகுல் டிராவிட் கூட இந்தியா சிமெண்ட்ஸ் ஊழியரா சென்னை லீக்கில் ஆடியவர்தான். லீக்கின் பெருமைக்கு இது நல்லது. பதினோரு பேரில் ஒரு இடத்துக்குக் காத்திருக்கிற மேடவாக்கம் பையனுக்கு இது எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை.

பணக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். 2021ல் பி.சி.சி.ஐ. அறிவிச்ச கணக்குப்படி, இருபது ரஞ்சி மேட்ச் வரைக்கும் ஆடினவருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். அதுக்கு மேல் நாற்பது மேட்ச் வரை 50,000. அதையும் தாண்டினா 60,000. உட்கார வெச்ச ரிசர்வ் வீரருக்குப் பாதி. நாலு நாள் மேட்ச்னா புதுசா வந்தவனுக்கே 1,60,000. எங்க காலேஜுக்கு வர்ற கம்பெனிகள் பெரும்பாலும் கொடுக்கிறது வருஷத்துக்கு மூன்றரை லட்சம் சொச்சம். அதாவது ரெண்டே கால் ரஞ்சி மேட்ச். கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா ரஞ்சிக்கு ஒரு படி கீழே வந்தீங்கன்னா பணம் ஆவியாகிடும். நாலாவது, அஞ்சாவது டிவிஷனில் பல டீம்களில் பந்துக்கும் மத்தியான சாப்பாட்டுக்கும் பசங்களே போட்டுக்கணும். நல்ல இங்கிலீஷ் வில்லோ பேட் ஒண்ணு வாங்கப் போனா இருபதாயிரம் ஓடிடும். தமிழ்நாடு ரஞ்சி அணியில் இடம் பதினஞ்சு, பதினாறு. 2016ல் டி.என்.பி.எல். வந்த பிறகு எட்டு அணி கூடியிருக்கு, அது ஒரு பெரிய உதவி. மத்தபடி ஏணியின் நடுவில் பல படிகள் கிடையாது. கீழே நிக்கலாம், இல்லைன்னா மேலே நிக்கலாம்.

சரி, நம்ம பக்கத்துப் பசங்க யார் மேலே போனாங்க?

உடனே எல்லாரும் சொல்ற பேர் அஸ்வின். தாம்பரத்தில் இருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பி ஓ.எம்.ஆரைப் பிடிச்சா காலவாக்கம். அங்கே எஸ்.எஸ்.என். இன்ஜினியரிங் காலேஜில் பி.டெக். ஐ.டி. படிச்சவர் அவர். படிக்கும்போதே, 2006 டிசம்பரில், ஹரியானாவுக்கு எதிரா ரஞ்சி ஆடிட்டார். 2009ல் சென்னை சூப்பர் கிங்ஸ், 2011 நவம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட், அந்த மேட்சிலேயே 9 விக்கெட், ஆட்ட நாயகன். 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஓய்வை அறிவிச்சப்போ 106 டெஸ்டில் 537 விக்கெட். இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டே ஆடலாம்னு எங்க எல்லாருடைய அப்பா அம்மாவுக்கும் சொல்லக் கிடைச்ச ஒரே உதாரணம்.

ஆனா ஒண்ணு கவனிங்க. அஸ்வின் காலேஜ் வர்றதுக்கு முன்னாடியே செயின்ட் பீட்ஸ் ஸ்கூலில் ஆடினவர், வயசு வாரியா அணிகளில் ஆடினவர், அப்பாவும் கிளப் கிரிக்கெட் ஆடினவர். ரயில் ஏற்கனவே சரியான ட்ராக்கில் ஓடிக்கிட்டிருந்தது. காலேஜ் நடுவில் வந்த ஒரு ஸ்டேஷன். மாமாவுக்கு அஸ்வின் கதை உதவாது. பதினாறு வயசில் எந்த மாநில அணியிலும் இல்லாதவனுக்கு அது வேற யாரோட கதையோ.

அவனுக்கு உதவக் கூடியது பொத்தேரி ஸ்டேஷன் கதை.

வருண் சக்கரவர்த்தி. பிறந்தது 1991ல், கர்நாடகாவில் பீதரில். வளர்ந்தது சென்னை, அடையாறு பக்கம் ஸ்கூல். ஸ்கூலில் அவர் விக்கெட் கீப்பர் பேட்ஸ்மேன் (இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்). வயசு வாரி அணிகளுக்கு மறுபடி மறுபடி செலக்‌ஷன் போய், மறுபடி மறுபடி கிடைக்காம, பதினேழு வயசில் போதும்னு விட்டுட்டார். அப்புறம் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் அஞ்சு வருஷம் ஆர்க்கிடெக்சர். ஆர்க்கிடெக்சர் படிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கும் ஷீட் போட்டுக்கிட்டிருப்பாங்க. நெட்ஸுக்கு எங்கே போறது? முடிச்சிட்டு ரெண்டு வருஷம் போல ஆர்க்கிடெக்டா வேலையும் பார்த்தார். 2014ல் வந்த 'ஜீவா' படத்தில் ஒரு கிரிக்கெட் காட்சியில் தலையைக் காட்டியிருக்கார். கிரிக்கெட்டுக்கும் அவருக்கும் அந்தக் காலத்தில் இருந்த தொடர்பு ஒரு சினிமா காட்சியும், வார இறுதியில் டென்னிஸ் பால் மேட்ச்சும்தான்.

டென்னிஸ் பால் என்றதும் சாதாரணமா நினைக்காதீங்க. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வெயில் காலத்தில் காலி மனை, காய்ஞ்ச ஏரி எதைப் பார்த்தாலும் ஸ்டம்ப் நட்டிருப்பாங்க. பெட் மேட்ச் நடக்கும். டென்னிஸ் பாலில் தையல் கிடையாது, பந்து கிட்டத்தட்ட 58 கிராம். ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம் வரைக்கும். மூணில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதனால் டென்னிஸ் பாலை விரலால் அமுக்கிச் சொடுக்கலாம், நசுக்கலாம், என்ன வேணும்னாலும் பண்ணலாம். சொடுக்குப் பந்து சென்னைத் தெருக்களில் ரொம்பப் பழசு. டி.வி.யில் அதுக்கு கேரம் பால்னு பேர் வெச்சு பெரிய விஷயம் ஆக்கினது அப்புறம்தான். கஷ்டம் என்னன்னா அதே சொடுக்கை மூணு மடங்கு கனமான பந்தில் போடணும், அதுவும் சொன்ன இடத்தில் விழணும். எங்க தெருவில் சொடுக்கு போடுறவங்க இருபது பேராவது இருப்பாங்க. ஸ்டிச் பாலைக் கையில் கொடுத்தா பந்து ஸ்கொயர் லெக் அம்பயர்கிட்ட போகும்.

இருபத்தஞ்சு வயசு போல வருண் வேலையை விட்டார். கிளப் சேர்ந்தது ஸ்பின்னரா கூட இல்லை, வேகப்பந்து ஆல்ரவுண்டரா. சேர்ந்த கொஞ்ச நாளில் முழங்காலில் அடி. ஓடி வந்து வேகமா போட முடியாது. அப்பத்தான் டென்னிஸ் பாலில் போட்டுப் பழகினதையெல்லாம் ஸ்டிச் பாலில் முயற்சி பண்ணினார். 2017-18 சீசனில் ஜூபிலி கிரிக்கெட் கிளப், நாலாவது டிவிஷன். ஆமா, நாலாவது டிவிஷன். ஏழு மேட்சில் 31 விக்கெட்.

இந்த எண்ணை மாமாகிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அவன் போன வருஷம் அதே மட்டத்தில் ஒன்பது மேட்சில் 14 விக்கெட் எடுத்தவன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேகம். 2018 டி.என்.பி.எல்.லில் மதுரை பேந்தர்ஸ். அந்த வருஷம் கோப்பையும் அவங்களுக்குத்தான். வருண் பத்து மேட்சில் போட்ட 240 பந்தில் 125 டாட் பால். டி20யில் பாதிக்கு மேல் பந்தில் ரன்னே இல்லைன்னா பேட்ஸ்மேனுக்கு எப்படி இருந்திருக்கும்? செப்டம்பரில் விஜய் ஹசாரே, ஒன்பது மேட்சில் 22 விக்கெட். நவம்பரில் ரஞ்சி. டிசம்பர் 18ம் தேதி ஜெய்ப்பூரில் ஐ.பி.எல். ஏலம். அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் எடுத்தது 8.4 கோடிக்கு. 42 மடங்கு. அந்த ஏலத்தில் அதிக விலை போனவங்க ரெண்டு பேர், உனத்கட்டும் இவரும்.

நாலாவது டிவிஷனில் இருந்து 8.4 கோடிக்கு ஒரு வருஷம் கூட ஆகலை போல. இந்த இடத்தோட எல்லாரும் கதையை நிறுத்திடுவாங்க. யூடியூபில் பின்னணி இசை போட்டு வர்ற வீடியோ எல்லாம் இங்கே முடியும். எனக்கு இதுக்கு அப்புறம்தான் கதையே ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு.

2019 மார்ச் 27, ஈடன் கார்டன்ஸ். முதல் ஐ.பி.எல். மேட்ச், முதல் ஓவர், எதிரில் சுனில் நரைன். 25 ரன். அந்த சீசனில் அவர் ஆடினது அந்த ஒரே மேட்ச், அப்புறம் விரலில் காயம். பஞ்சாப் விட்டுடுச்சு. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா எடுத்தது 4 கோடிக்கு, பாதிக்கும் கீழே. 2020ல் அபுதாபியில் டெல்லிக்கு எதிரா 20 ரன்னுக்கு 5 விக்கெட். ஆஸ்திரேலியா போற இந்திய டி20 அணியில் பேர் வந்தது. தோளில் காயம், போகலை. அவருக்குப் பதிலா போனது நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். ஒருத்தர் தோள்பட்டை இன்னொருத்தர் வாழ்க்கை. 2021 ஜூலையில் இலங்கையில் ஒருவழியா இந்தியாவுக்கு ஆடினார். அந்த வருஷ டி20 உலகக் கோப்பையில் மூணு மேட்ச், ஒரு விக்கெட் கூட இல்லை. அணியில் இருந்து தூக்கிட்டாங்க.

மூணு வருஷம் திரும்பிக் கூப்பிடலை. "மிஸ்டரி" எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, இனி அவ்வளவுதான்னு பேசினாங்க. அந்த மூணு வருஷத்தில் அவர் செஞ்ச காரியம் ரொம்ப போரடிக்கிற காரியம். அதுவரைக்கும் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றிக்கிட்டிருந்தவர், மேலிருந்து கீழா உருள்ற மாதிரி சுழற்றப் பழகினார். அப்படிப் போட்டா பந்து சட்டுனு இறங்கும், பிட்ச் ஆனதும் எதிர்பார்த்ததை விட எகிறும். ஏற்கனவே கோடி வாங்கின ஒருத்தர், முப்பது வயசுக்கு மேல், மணிக்கட்டை முதல்ல இருந்து பழக்கறது. இதை யோசிச்சா எனக்கு ஏலத் தொகையை விட பெரிசா தெரியுது.

2024 ஐ.பி.எல்.லில் 21 விக்கெட். மே 26ம் தேதி இறுதிப் போட்டி நம்ம சேப்பாக்கத்தில், கோப்பை கொல்கத்தாவுக்கு. அக்டோபரில் மறுபடி இந்திய அணி. நவம்பரில் தென் ஆப்பிரிக்காவில் 17 ரன்னுக்கு 5. 2025 பிப்ரவரியில் கட்டாக்கில் முதல் ஒருநாள் போட்டி, வயசு 33 தாண்டியாச்சு. ஃபரூக் என்ஜினீயருக்கு அடுத்தபடி, அவ்வளவு வயசில் இந்தியாவுக்கு ஒருநாள் அறிமுகம் ஆனவர் இவர்தான். அடுத்த மாசமே துபாயில் சாம்பியன்ஸ் டிராஃபி: நியூசிலாந்துக்கு எதிரா 42 ரன்னுக்கு 5, மொத்தம் மூணே மேட்சில் 9 விக்கெட், கோப்பை இந்தியாவுக்கு. 2025 செப்டம்பரில் ஐ.சி.சி. டி20 பந்துவீச்சாளர் பட்டியலில் முதல் இடம்.

இதையெல்லாம் மாமாவுக்குச் சொன்னேன். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குப் பயமா இருந்தது. ஏன்னா இந்தக் கதையை வேற மாதிரியும் படிக்கலாம். வருண் வேலையை விட்டப்போ கையில் ஒரு ஆர்க்கிடெக்ட் பட்டம் இருந்தது, ரெண்டு வருஷ வேலை அனுபவமும் இருந்தது. அதுவும் போக, அவர் கையில் இருந்தது வேற யார்கிட்டயும் இல்லாத பந்து. மாமா போடுறது சுத்தமான, ஒழுங்கான ஆஃப் ஸ்பின். நல்லா போடுவான். கீப்பரா நின்னு பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியும், ஃப்ளைட் அருமையா இருக்கும். ஆனா லீக்கில் அந்த மாதிரி ஆஃப் ஸ்பின்னர் டிவிஷனுக்கு முப்பது பேர் இருப்பாங்க. ஒரு வருண் மேலே வந்த அதே வருஷத்தில் வேலையை விட்டுட்டு வந்த எத்தனை பேர் இப்போ எங்கே இருக்காங்கன்னு யாரும் வீடியோ போடறதில்லை.

இதை அவன் முகத்துக்கு நேராவே சொன்னேன். கோபப்படுவான்னு நினைச்சேன். "தெரியும்டா. அதான் ஒரு வருஷம்னு சொல்றேன். ரெண்டுன்னு சொல்லலையே"ன்னான்.

அவங்க அப்பா ரயில்வேயில் இருக்கார், தாம்பரம் குவார்ட்டர்ஸ். ஒரு நாள் சாயங்காலம் அவங்க வீட்டில் உட்கார்ந்திருந்தப்போ பேச்சு இந்தப் பக்கம் வந்தது. "தம்பி, நீ சொல்லுப்பா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்க டிபார்ட்மெண்ட்ல எடுப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். அவர் காலத்தில் பேங்க், ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ், ஐ.சி.எஃப். எல்லாம் நல்லா ஆடுற பையனைக் கூப்பிட்டு வேலை கொடுப்பாங்களாம். காலையில் கையெழுத்து, மத்தியானம் கிரவுண்ட். இப்பவும் கோட்டா இருக்கு, ஆனா இடம் குறைவு, மாநில அளவில் ஆடின சர்டிஃபிகேட் கேட்பாங்க அங்கிள்னு சொன்னேன். "அப்போ சர்டிஃபிகேட் வாங்க முதல்ல ஆடணும், ஆடறதுக்கு வேலை வேணும், வேலைக்கு சர்டிஃபிகேட் வேணும்" என்றார். நான் இந்தக் கட்டுரையில் இவ்வளவு நேரம் சொல்ல முயற்சி பண்ணினதை ஒரே வரியில் முடிச்சிட்டார்.

கொஞ்ச நேரம் கழிச்சு மகனைப் பார்த்து, "ப்ளேஸ்மெண்ட்ல உட்காரு. கிடைச்சா சேர்ற தேதியைக் கேளு. எப்படியும் ஆறு மாசம் இழுத்தடிப்பாங்க. அந்த ஆறு மாசம் உன்னுது" என்றார். அம்மா உள்ளே இருந்து, "அடுத்த ஆறு மாசம்?" என்றாங்க. அதுக்கு யாரும் பதில் சொல்லலை. காபி வந்தது.

இப்போதைக்கு நிலவரம் இதுதான். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு மூணாவது டிவிஷன் டீம் ஒண்ணுக்கு செலக்‌ஷன். அதே நாள் பத்தரை மணிக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட். கிரவுண்டில் இருந்து வீட்டுக்கு வர நேரம் இருக்காது. அதனால் லேப்டாப்பைக் கிட் பேக்கில், ரெண்டு பேடுக்கு நடுவில் வெச்சு எடுத்துட்டுப் போறான். கிரவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டீக்கடையில் பெஞ்சு ஒண்ணு சொல்லி வெச்சாச்சு. ஹாட்ஸ்பாட் என் போன். அவங்க நெட்ஸுக்கு அன்னைக்கு ஒரு கீப்பர் குறையுதாம், க்ளவுஸையும் எடுத்துட்டு வான்னு சொல்லியிருக்கான்.